யாருடைய கையெழுத்து?

நமது சங்க மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று செயலாளர் கேட்டார். "நீங்கள் சட்டம் படிக்கிறவர், சட்டத்தைப் பற்றியே எழுதுங்கள். ஆனால் படிக்கிறவர்களுக்குத் தூக்கம் வராதபடி எழுதுங்கள்" என்றும் சொன்னார். தூக்கம் வராது என்று நான் உறுதி கூறுகிறேன். சென்ற ஆண்டு மழைக்காலத்தில் எனக்கே பல நாள் தூக்கம் வராமற் செய்த விஷயம் இது. இதில் தவறு செய்தவள் நான்தான்.

எங்கள் விடுதியில் ஒரு பெண். நம் பக்கத்துப் பெண்தான். பெயரும் ஊரும் வேண்டாம். அவள் சம்மதத்துடன்தான் எழுதுகிறேன். ஒரு நாள் இரவு என் அறைக்கு வந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு, "அக்கா, நீங்கள் சட்டம்தானே படிக்கிறீர்கள்?" என்றாள். நாள் தள்ளிப் போயிருக்கிறது, சோதித்தும் பார்த்துவிட்டாள். கல்யாணம் ஆகவில்லை. படிப்பு இன்னும் ஒன்றரை ஆண்டு பாக்கி. "ஆஸ்பத்திரிக்குப் போனால் அம்மா அப்பா கையெழுத்துக் கேட்பார்களா?" என்பதுதான் அவளுடைய கேள்வி.

நான் ஒரு கணமும் தயங்கவில்லை. "கேட்பார்கள், கல்யாணம் ஆகாதவள்தானே" என்று சொல்லிவிட்டேன்.

எந்தப் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னேன்? ஒன்றையும் பார்க்கவில்லை. தீபாவளிக்கு இரண்டு நாள் வெளியே தங்க வேண்டுமானால் தகப்பனார் கையெழுத்து. சினிமாவுக்கு இரண்டாவது ஆட்டம் போக வேண்டுமானால் 'லோக்கல் கார்டியன்' கையெழுத்து. விடுதியில் நாலு வருஷம் இருந்தவளுக்கு, உலகமே அப்படித்தான் நடக்கிறது என்று தோன்றியதில் வியப்பில்லை. ஆனால் கேட்டவள் என்னைச் சட்டம் படித்தவள் என்று நம்பிக் கேட்டாள். அதுதான் வித்தியாசம்.

அவள் வீட்டில் சொல்லவில்லை. சொல்லக் கூடிய வீடும் அன்று. பத்தொன்பது நாள் சும்மா இருந்தாள். பிறகு யார் மூலமாகவோ மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி, எந்த டாக்டரையும் பாராமல் சாப்பிட்டாள். மூன்றாம் நாள் இரவு பதினொரு மணிக்குக் குளியலறையில் மயங்கி விழுந்தாள். ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

அங்கே ஒரு வயதான பெண் டாக்டர். பரிசோதித்துவிட்டு, கரு முழுதும் வெளியேறவில்லை, சுத்தம் செய்ய வேண்டும், இரத்தம் மிகவும் குறைந்திருக்கிறது என்றார். படிவம் ஒன்றை எடுத்தார். நான் முந்திக்கொண்டு கையை நீட்டினேன். "உனக்கு என்னம்மா? அவளிடம் கொடு" என்று இந்தியில் அதட்டினார். அவளிடம், "வயது என்ன?" என்றார். இருபத்தொன்று. "அப்படியானால் கையெழுத்துப் போடு. இவ்வளவு நாள் ஏன் வரவில்லை?" என்றார். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடத் தேவலை.

அவள் பிழைத்தாள், பரீட்சையும் எழுதினாள். அதற்குப் பிறகுதான் நான் சட்டப் புத்தகத்தை எடுத்தேன். படித்ததை இங்கே சொல்கிறேன்.

முதலில் பழைய கதை. 1860-இல் வெள்ளைக்காரன் இயற்றிய இந்தியத் தண்டனைச் சட்டம், கருவைக் கலைப்பதைக் குற்றமாக்கியது. 312-ஆம் பிரிவு. மூன்று ஆண்டு வரை சிறை. வயிற்றில் சிசு அசைவு கண்ட பிறகானால் ஏழு ஆண்டு வரை. பெண்ணின் உயிரைக் காப்பாற்ற நல்லெண்ணத்துடன் செய்தால் மட்டுமே விலக்கு. தானே கலைத்துக் கொண்ட பெண்ணும் குற்றவாளிதான். அந்தச் சட்டப் புத்தகம் போய் 2024 ஜூலை 1 முதல் பாரதீய நியாய சன்ஹிதா வந்துவிட்டதே, இந்தக் குற்றமும் போயிற்றா என்றால், போகவில்லை. 88-ஆம் பிரிவு என்று எண் மாறி அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

குற்றம் என்று எழுதி வைத்ததால் கருக்கலைப்பு நின்றுவிடவில்லை. மறைவாக நடந்தது. குச்சியும் வேரும் கொண்டு நடந்தது. கிராமத்து மருத்துவச்சிகளிடம் போய் உயிரை விட்டவர்களின் கதை நம் பாட்டிமார்களுக்குத் தெரியும். அவர்கள் அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக் கொள்வார்கள். 1964-இல் மத்திய சர்க்கார் சாந்திலால் ஷா தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. அவர் மகாராஷ்டிரத்தின் மந்திரியாக இருந்தவர். குழு 1966 டிசம்பரில் அறிக்கை கொடுத்தது. அதன் பயனாக 1971-இல் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. 1972 ஏப்ரல் 1-இல் அது அமலுக்கு வந்தது. ஆஸ்பத்திரிகளில் எம்.டி.பி. சட்டம் என்று சொல்வது இதைத்தான்.

இந்தச் சட்டத்தைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். "பெண்ணுக்கு உரிமை உண்டு" என்று அது எங்கும் தொடங்குவதில்லை. "இன்ன நிபந்தனைகளின்படி கருவைக் கலைக்கும் பதிவு பெற்ற டாக்டர் குற்றவாளி ஆகமாட்டார்" என்றுதான் தொடங்குகிறது. தண்டனைச் சட்டம் என்ற பெரிய மதிலில், டாக்டர் நுழைய ஒரு வாசல் வைத்தார்கள். பெண் அவர் பின்னால் போகலாம். இந்த அமைப்பைப் புரிந்துகொண்டால், பின்னால் வந்த வழக்குகள் ஏன் வந்தன என்பது தானே விளங்கும். அவ்வளவும் அந்த வாசலின் அகலத்தைப் பற்றிய வழக்குகளே.

என்ன நிபந்தனைகள்? பெண்ணின் உயிருக்கு ஆபத்து, அல்லது உடல் நலத்துக்கோ மன நலத்துக்கோ பெருங்கேடு, அல்லது பிறக்கும் குழந்தைக்குக் கடுமையான குறைபாடு நேரக்கூடும் என்ற நிலை. பலாத்காரத்தால் உண்டான கருவானால் மன நலத்துக்குப் பெருங்கேடு என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். கருத்தடைச் சாதனம் பயன்படுத்தியும் பலிக்காமற் போனால் அதுவும் அப்படியே. ஆனால் 1971-இல் இந்தக் கடைசி விளக்கத்தில், "மணமான பெண்ணோ அவள் கணவனோ" பயன்படுத்திய சாதனம் என்று எழுதியிருந்தார்கள். மணமாகாதவளுக்கு ஆணுறை கிழியாது என்று சட்டம் நினைத்தது போலும்! இந்தச் சொற்களை மாற்ற ஐம்பது ஆண்டு ஆயிற்று. 2021 செப்டம்பர் 24-இல் அமலான திருத்தத்தில், "எந்தப் பெண்ணோ அவளுடைய துணைவனோ" என்று ஆக்கினார்கள்.

காலக் கணக்கையும் அந்தத் திருத்தம் மாற்றியது. முன்பு 12 வாரம் வரை ஒரு டாக்டர், 20 வாரம் வரை இரண்டு டாக்டர்களின் அபிப்பிராயம் வேண்டும். இப்பொழுது 20 வாரம் வரை ஒரு டாக்டர் போதும். 20 முதல் 24 வாரம் வரை, விதிகளில் குறிப்பிட்ட சில வகைப் பெண்களுக்கு மட்டும், இரண்டு டாக்டர்களின் அபிப்பிராயத்தின் பேரில் செய்யலாம். பலாத்காரத்துக்கு ஆளானவர்கள், பதினெட்டு வயது நிரம்பாதவர்கள், கருவுற்றிருக்கும்போதே விதவையானவர்கள் அல்லது விவாகரத்தானவர்கள், உடல் ஊனமுற்றவர்கள், மன நோயுற்றவர்கள், வெள்ளம் போர் முதலிய பேரிடரில் சிக்கியவர்கள், சிசுவுக்குக் குறை கண்டவர்கள் ஆகியோர் அந்த வகையினர். 24 வாரத்துக்கு மேலானால், சிசுவுக்குக் கடுமையான குறை உண்டு என்று மருத்துவக் குழு தீர்மானித்தால்தான் முடியும். பெண்ணின் உயிரைக் காப்பாற்ற உடனே செய்தாக வேண்டிய நிலைக்கு மட்டும் இந்த வரம்பு ஒன்றும் இல்லை.

இங்கே ஒரு நடைமுறைச் செய்தி. வாரத்தை எந்த நாளிலிருந்து எண்ணுவது? உறவு கொண்ட நாளிலிருந்து என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இல்லை. கடைசியாக மாதவிலக்கு தொடங்கிய முதல் நாளிலிருந்து டாக்டர்கள் எண்ணுகிறார்கள். ஆகவே நாம் "நாலு வாரம்" என்று நினைக்கும்போது அவர்கள் கணக்கில் ஆறு வாரம் ஆகியிருக்கும். இந்த இரண்டு வாரத்தில் பலர் ஏமாந்து போகிறார்கள்.

இனி அந்தக் கையெழுத்து. சட்டத்தின் 3-ஆம் பிரிவின் 4-ஆம் உட்பிரிவு. நான் பார்க்காமல் விட்ட இடம் இதுதான். பதினெட்டு வயது நிரம்பிய பெண்ணானால் அவளுடைய சம்மதம் இல்லாமல் கருவைக் கலைக்கக் கூடாது. வேறு எவருடைய சம்மதமும் தேவையில்லை. கணவன் கையெழுத்து வேண்டியதில்லை, மாமியார் கையெழுத்து வேண்டியதில்லை, தகப்பனார் கையெழுத்து வேண்டியதில்லை. பதினெட்டு நிரம்பாதவளுக்கும் மன நோயுற்றவளுக்கும் மட்டுமே பாதுகாவலரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். சம்மதத்துக்கென்று உள்ள சி படிவத்தில் வயது வந்த பெண் தன் கையெழுத்தைப் போட்டால் போதும். இது புதிதாக வந்த சலுகையும் அன்று, 1971-லேயே உள்ளது. என் தாயார் பிறப்பதற்கு முன்பே அச்சாகிவிட்ட வரியை நான் படிக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. 2021 திருத்தத்தின் 5ஏ பிரிவின்படி, கருக்கலைத்துக்கொண்ட பெண்ணின் பெயரையும் விவரத்தையும் டாக்டர் வெளியிடக் கூடாது. வெளியிட்டால் ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ உண்டு. சட்டப்படி அதிகாரம் பெற்றவரிடம் மட்டுமே சொல்லலாம். விடுதித் தலைவி அத்தகைய அதிகாரி அல்லர்.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருக்க, ஆஸ்பத்திரிகள் கணவன் கையெழுத்தைக் கேட்கின்றனவே, ஏன்? நான் இரண்டு மூன்று டாக்டர்களிடம் கேட்டேன். பின்னால் உறவினர் வந்து சண்டை போடுவார்கள் என்ற பயம்தான் என்றார்கள். அந்தப் பயம் பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் டாக்டரின் பயத்துக்கு அந்தப் பெண் எப்படிப் பொறுப்பு? சுப்ரீம் கோர்ட்டே 2022-இல், சட்டத்தில் இல்லாத இத்தகைய நிபந்தனைகளைப் போடுவதைக் கண்டித்து, பெண்ணின் சம்மதம் ஒன்றே முக்கியம் என்று எழுதியிருக்கிறது.

அந்த வழக்கு நம்மைப் போன்ற ஒருத்தியினுடையது என்பதால் சற்று விரிவாகச் சொல்லலாம். மணிப்பூரைச் சேர்ந்தவள், தில்லியில் வசித்தவள், வயது 25, மணமாகாதவள். ஐந்து பிள்ளைகளில் மூத்தவள், பெற்றோர் விவசாயிகள். மணப்பதாக இருந்தவன் கடைசியில் கைவிட்டான். கருவுக்கு அப்போது 20 வாரம் கடந்துவிட்டது. விதவைக்கும் விவாகரத்தானவளுக்கும் 24 வாரம் வரை இடம் உண்டு. மணமே ஆகாமல் கைவிடப்பட்டவளைப் பற்றி விதியில் ஒரு சொல்லும் இல்லை. தில்லி ஹைகோர்ட்டு 2022 ஜூலை 15-இல் மறுத்துவிட்டது. சுப்ரீம் கோர்ட்டு ஜூலை 21-இல், எய்ம்ஸ் டாக்டர்களின் குழு ஆபத்தில்லை என்று சொன்னால் செய்யலாம் என்று இடைக்கால உத்தரவு கொடுத்தது. செப்டம்பர் 29-இல் நீதிபதிகள் சந்திரசூட், போபண்ணா, பர்திவாலா மூவரும் விரிவான தீர்ப்புச் சொன்னார்கள். மணமானவள், மணமாகாதவள் என்று பிரிப்பது அரசியல் சட்டத்துக்கு ஒவ்வாது என்றார்கள். கணவனே பலாத்காரம் செய்திருந்தாலும், இந்தச் சட்டத்தின் காரியத்துக்கு அது பலாத்காரம்தான் என்றார்கள். (தண்டனைச் சட்டமோ இன்றும் அதைக் குற்றமாக ஏற்கவில்லை. ஒரே செயல் ஒரு புத்தகத்தில் பலாத்காரம், மற்றொரு புத்தகத்தில் இல்லறம்!) பதினெட்டு நிரம்பாத பெண் வந்தால், போலீசுக்குக் கொடுக்கும் தகவலில் அவள் பெயரை எழுத வேண்டியதில்லை என்றும் கூறினார்கள். போக்சோ சட்டத்துக்கு அஞ்சி, சிறு பெண்கள் ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்காமல் இருந்ததற்கு இது ஒரு பரிகாரம்.

கருவைக் கலைக்கும் உரிமை என்று மட்டும் இதைப் பார்க்கலாகாது. 2009-இல் சண்டிகாரில் ஒரு வழக்கு. சர்க்கார் காப்பகத்தில் இருந்த அனாதைப் பெண், அறிவு வளர்ச்சி சற்றுக் குறைந்தவள், அங்கேயே பலாத்காரத்துக்கு ஆளாகிக் கருவுற்றாள். கலைத்துவிட வேண்டும் என்று நிர்வாகம் கேட்டது, ஹைகோர்ட்டும் உத்தரவிட்டது. அவளோ பெற்றுக்கொள்கிறேன் என்றாள். அவளுடைய நன்மைக்குத்தானே என்று நம்மில் பலரும் ஹைகோர்ட்டின் பக்கமே நின்றிருப்போம். சுப்ரீம் கோர்ட்டு அதை ஏற்கவில்லை. அறிவு வளர்ச்சிக் குறைவு வேறு, மன நோய் வேறு. அவள் வயது வந்தவள். அவள் சம்மதிக்காமல் தொடக் கூடாது என்றது. பெறுவதா வேண்டாமா என்று தீர்மானிப்பது, அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு கூறும் தனி மனித சுதந்திரத்தின் பகுதி என்று முதன்முதலாகத் தெளிவாகச் சொன்ன தீர்ப்பு இதுதான். வேண்டாம் என்ற மணிப்பூர்ப் பெண்ணுக்கும் வேண்டும் என்ற சண்டிகார்ப் பெண்ணுக்கும் ஒரே வரிதான் துணை நின்றது.

இவ்விஷயத்தில் நம்மவர் கூறிய ஒன்றை நினைவூட்ட வேண்டும். 1920-களின் கடைசியிலேயே சென்னையில் கர்ப்பத் தடைக்கென்று ஒரு சங்கம் இருந்தது. ஹைகோர்ட்டு நீதிபதி வேப்பா ராமேசம் போன்ற பெரிய மனிதர்கள் அதில் இருந்தார்கள். ஜனத்தொகை, வறுமை, தாயின் ஆரோக்கியம் என்பன அவர்களுடைய காரணங்கள். அதே காலத்தில் 'குடி அரசு' இதழில் பெரியார் எழுதினார். பிறர் சொல்லும் காரணங்கள் வேறு, நம்முடைய காரணம் வேறு என்று பிரித்துக் காட்டினார். நாட்டின் பொருளாதாரத்துக்காக அன்று, குடும்பச் சொத்து சிதறாமல் இருப்பதற்காக அன்று, பெண் தன் இஷ்டப்படி விடுதலையாக வாழ்வதற்காகவே கர்ப்பத் தடை வேண்டும் என்பது அவர் வாதம். அந்தக் கட்டுரைகள் பின்னர் 'பெண் ஏன் அடிமையானாள்?' என்ற நூலில் சேர்ந்தன.

இந்த வித்தியாசம் வெறும் வாதமாகத் தோன்றலாம். நாட்டில் நடந்ததைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. 1952-இல் சர்க்கார் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியபோது எடுத்துக்கொண்டது ஜனத்தொகைக் கணக்கைத்தான். கணக்கு என்று வந்தால் இலக்கு வரும். இலக்கு என்று வந்தால் ஆட்களைப் பிடித்து வர வேண்டும். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-இல், ஆண்களைப் பிடித்து வந்து அறுவை செய்தார்கள். அதன் பலனைத் தேர்தலில் கண்ட பிறகு ஆண்களை விட்டுவிட்டுப் பெண்கள் பக்கம் திரும்பினார்கள். 2012-இல் பீகார் அராரியா மாவட்டத்தில் ஒரு பள்ளிக்கூடக் கட்டிடத்தில், இரவு நேரத்தில், ஒரே டாக்டர் இரண்டு மணி நேரத்தில் 53 பெண்களுக்கு அறுவை செய்தார். 2014 நவம்பரில் சத்தீஸ்கரில் பிலாஸ்பூர் மாவட்டத்து முகாம்களுக்குச் சென்ற பெண்களில் பதின்மூவர் இறந்தனர். 2016-இல் சுப்ரீம் கோர்ட்டு, இத்தகைய முகாம்களை மூன்று ஆண்டுகளுக்குள் நிறுத்துங்கள் என்று உத்தரவிட நேர்ந்தது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, மணமான பெண்களில் 37.9 சதவீதத்தினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கணவன் செய்துகொண்ட வீடுகள் 0.3 சதவீதம். ஆணுக்குச் செய்யும் அறுவை சிறியது, சீக்கிரம் ஆறுவது என்பதை எல்லா டாக்டர்களும் சொல்வார்கள்.

மாத்திரையைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் என் தோழி கோபித்துக்கொள்வாள். மைஃபெப்ரிஸ்டோன் என்ற மருந்துக்கு 2002-இல் இந்தியாவில் அனுமதி கிடைத்தது. அதைச் சாப்பிட்டு ஓரிரு நாள் கழித்து மைசோப்ரோஸ்டால் என்ற இரண்டாவது மருந்து. 2021 விதிகளின்படி 9 வாரம் வரை டாக்டர் இதைக் கொடுக்கலாம். உரிய காலத்தில், டாக்டர் பார்த்துக் கொடுத்தால், இது மிகவும் பத்திரமான முறை. பார்த்து என்று ஏன் சொல்கிறேன் என்றால், சிலருக்குக் கரு கருப்பையில் தங்காமல் குழாயிலேயே தங்கிவிடும். அதற்கு இந்த மாத்திரை கேட்காது. குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. வாரக் கணக்குத் தவறினாலும் என் தோழிக்கு நேர்ந்தது நேரும். 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வந்த ஓர் ஆய்வு, 2015-இல் இந்தியாவில் நடந்த கருக்கலைப்புகள் 1 கோடியே 56 லட்சம் என்று மதிப்பிட்டது. அதில் நூற்றுக்கு 73, ஆஸ்பத்திரிக்கு வெளியே மாத்திரையால் நடந்தவை. அவள் ஒருத்தி அல்லள் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆஸ்பத்திரிச் சுவர்களில் "கருவின் பாலினம் கண்டறிவது குற்றம்" என்று பெரிய எழுத்தில் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது 1994-ஆம் ஆண்டின் வேறு சட்டம், பெண் சிசு என்று தெரிந்து அழிப்பதைத் தடுக்க வந்தது, வேண்டிய சட்டம். ஆனால் அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு, கருக்கலைப்பே குற்றம் என்று நினைத்துத் திரும்பிப் போனவர்கள் உண்டு. என் தோழியும் ஒரு முறை வாசல் வரை போய் அப்படித் திரும்பியவள்தானாம். பின்னால்தான் சொன்னாள்.

வாசல் இன்னும் அகலமாகிவிடவில்லை. 2023 அக்டோபரில், இரண்டு குழந்தைகளுக்குத் தாயான 27 வயதுப் பெண், பேறுகாலத்துக்குப் பின் வந்த மன நோயுடன் போராடிக் கொண்டிருந்தவள், 26 வாரத்தில் அனுமதி கேட்டாள். பால் கொடுத்துக் கொண்டிருந்ததால் மாதவிலக்கு வரவில்லை, கருவுற்றதே தெரியவில்லை. முதலில் அனுமதித்தார்கள். பிறகு இரண்டு பெண் நீதிபதிகளும் மாறுபட்டார்கள். வழக்கு மூவரிடம் போயிற்று. அக்டோபர் 16-இல் மறுக்கப்பட்டது. 24 வாரம் கடந்துவிட்டது, சிசுவுக்குக் குறையில்லை, தாயின் உயிருக்கு உடனடி ஆபத்தில்லை என்பன காரணங்கள். இதைப் பற்றி எங்கள் வகுப்பில் ஒரு மணி நேரம் சண்டை நடந்தது. நான் அந்தப் பெண்ணின் கட்சி. எதிர்க் கட்சியில் இருந்தவர்கள் கல் நெஞ்சர்கள் அல்லர். 26 வாரத்துச் சிசு வெளியே வந்தால் பிழைக்கக் கூடும் என்பதை அவர்கள் மறக்க மறுத்தார்கள். எனக்கு அதற்கு முழு விடை கிடைத்துவிட்டது என்று சொல்லமாட்டேன். அந்த நிலைக்கு வருமுன் அவளுக்கு எத்தனை வாசல் சாத்தியிருந்தது என்றுதான் கேட்டேன்.

எம்.டி.பி. சட்டம், 2021 திருத்தம், விதிகள், சி படிவம், 2022 தீர்ப்பு ஆகியவற்றின் படிகளை நமது சங்கத்து வாசக சாலையில், ஜன்னலோரத்து அலமாரியின் கீழ்த்தட்டில், பழுப்பு உறையில் வைத்திருக்கிறேன். அறைக்கு எடுத்துப் போகலாம். சங்க ஏட்டில் பெயர் எழுத வேண்டியதில்லை என்று செயலாளரிடம் சொல்லிவிட்டேன், அவரும் ஒப்புக்கொண்டார்.